புயல் மாதத்து வேலைக் கணக்கை எப்படிப் படிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: 2024 நவம்பர் 1ஆம் தேதி, அதிபர் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால், அமெரிக்காவின் அக்டோபர் மாத வேலைவாய்ப்பு அறிக்கை வந்தது. மாதம் முழுவதற்கும் 12,000 வேலைகள்தான் கூடியிருந்தன. வெள்ளை மாளிகை புயல்களையும் போயிங் வேலைநிறுத்தத்தையும் காரணம் காட்டியது. டிரம்ப் தரப்பு, பொருளாதாரமே சரிந்துவிட்டதற்கு இதுதான் சாட்சி என்றது. அப்புறம் அந்த எண்ணே மாற்றப்பட்டது. யார் சொன்னது சரி, யாராவது கணக்கை வளைத்தார்களா?

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு புயல் இந்த எண்ணை எந்த வழியாக, எவ்வளவு தூரம் தொடும் என்பது ஒன்று. ‘எல்லாம் புயலால்தான்’ என்று ஓர் அரசியல்வாதி சொன்னால் அதைச் சரிபார்க்க வழி உண்டா என்பது இன்னொன்று. தொழிலாளர் புள்ளிவிவரங்களைப் படித்துப் பொருள் சொல்வதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. இரண்டாவது கேள்விக்கு என் பதில், ஆம், பெரும்பாலும் சரிபார்த்துவிடலாம் என்பதே. ஆனால் அதற்கு முன் எண்ணும் முறையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சண்டையில் பாதி அதைத் தெரியாததால் வருகிறது.

அறிக்கையைத் தயாரிப்பது தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம், சுருக்கமாக பி.எல்.எஸ். அந்த ஒரே அறிக்கைக்குள் இரண்டு தனித்தனி கணக்கெடுப்புகள் இருக்கின்றன. நிறுவனங்களிடம் நடத்துவது ஒன்று: ஏறக்குறைய 1,20,000 நிறுவனங்களிடமும் அரசு அலுவலகங்களிடமும், ‘12ஆம் தேதி அடங்கும் சம்பளக் காலத்தில் எத்தனை பேருக்குச் சம்பளம் போட்டீர்கள்?’ என்று கேட்கிறார்கள். தலைப்புச் செய்தியில் வரும் 12,000 போன்ற எண் இதிலிருந்து வருகிறது. மற்றது வீடுகளில் நடத்துவது: சுமார் 60,000 வீடுகளில், 12ஆம் தேதி அடங்கும் வாரத்தில் நீங்கள் வேலை செய்தீர்களா, அந்த வாரத்தோடு முடியும் நான்கு வாரங்களில் வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். வேலையின்மை விகிதம் இதிலிருந்து வருகிறது.

இந்த இரண்டிலும் புயல் வேறு வேறு விதமாகப் பதிகிறது. நிறுவனக் கணக்கில், அந்தச் சம்பளக் காலத்தில் ஒரே ஒரு மணி நேரம் சம்பளம் வாங்கியிருந்தாலும் நீங்கள் வேலையில் இருப்பவர். காலம் முழுவதும் ஒரு காசும் வாங்கவில்லை என்றால், உங்கள் வேலை உங்களுக்காகக் காத்திருந்தாலும் கணக்கில் நீங்கள் இல்லை. வீட்டுக் கணக்கில் இது தலைகீழ். மோசமான வானிலையால் வாரம் முழுக்க வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளமும் இல்லை என்றாலும், வேலை இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் வேலையில் இருப்பவராகவே எழுதிக்கொள்வார்கள். அதனால் புயல் மாதத்தில் ஒரு கணக்கில் வேலைகள் காணாமல் போவதும், மற்றதில் வேலையின்மை விகிதம் அசையாமல் நிற்பதும் முரண்பாடே கிடையாது. 2024 அக்டோபரில் அதுதான் நடந்தது. விகிதம் 4.1 சதவீதத்திலேயே நின்றது. அதே மாதம், வானிலையால் வேலைக்குப் போக முடியாதவர்கள் என்று வீட்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்கள் 5,12,000 பேர்.

இங்கே கிழமை என்ற சின்ன விஷயம் பெரிய வேலை செய்கிறது. ஹெலீன் புயல் 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் கரை கடந்தது. அக்டோபர் கணக்கெடுப்பு வாரம் வருவதற்கு முன்பே. மில்ட்டன் அக்டோபர் 9, புதன்கிழமை. அந்த மாதம் 12ஆம் தேதி சனிக்கிழமை, ஆகவே கணக்கு வாரம் 6 முதல் 12 வரை. வாரச் சம்பளம் வாங்கும் ஓர் உணவக ஊழியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை ஒரு ஷிப்ட் பார்த்துவிட்டு, திங்கள் காலை வீட்டைக் காலி செய்து போனார் என்று வையுங்கள். அந்த ஒரு ஷிப்டே போதும், அக்டோபர் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். அவருக்கு இரு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் என்றால், கணக்கிலிருந்து விழுவது இன்னும் கடினம். அமெரிக்காவில் அதுதான் அதிகம் புழங்கும் முறை. மாதச் சம்பளக்காரர்களைப் புயல் கணக்கிலிருந்து எடுப்பதே அரிது.

இதோடு 2017ஐ ஒப்பிடுங்கள். இர்மா புயல் செப்டம்பர் 10 அன்று புளோரிடாவைத் தாக்கியது. அது ஞாயிற்றுக்கிழமை, 12ஆம் தேதி செவ்வாய். கணக்கு வாரம் தொடங்கிய அன்றே அடி விழுந்ததால் வாரச் சம்பளக்காரர்களில் பலருக்கு அந்த வாரத்தில் ஒரு மணி நேரம்கூட இல்லாமல் போனது. உணவகங்கள், மதுக்கூடங்கள் பிரிவில் மட்டும் 1,05,000 வேலைகள் குறைந்ததாக முதல் அறிக்கை சொன்னது. வானிலையால் வேலைக்குப் போக முடியாதவர்கள் 15 லட்சம் பேர். சேதத்தின் அளவும் இதில் சேர்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் புயல் எந்தக் கிழமை வந்தது என்பதைப் பார்க்காமல் இரண்டு புயல் மாதங்களை ஒப்பிடுவது தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

அந்த 2017 செப்டம்பர் அறிக்கையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் புயல் மாதத்தில் வரக்கூடிய எல்லாக் குழப்பமும் அதில் இருக்கிறது. மொத்த வேலைகள் 33,000 குறைந்தன என்று முதலில் வந்தது. ‘ஏழு ஆண்டுகளில் முதல் சரிவு’ என்று எல்லா இடத்திலும் தலைப்பு. அடுத்த மாதமே அது 18,000 கூடுதல் என்று திருத்தப்பட்டது; தொடர் வளர்ச்சி அறுபடவே இல்லை. அதே அறிக்கையில் சராசரி மணிக் கூலி ஓராண்டில் 2.9 சதவீதம் உயர்ந்திருந்தது. நல்ல செய்தி போலத் தெரியும். உண்மையில் நடந்தது, குறைந்த கூலி வாங்கும் உணவக ஊழியர்கள் பெரும் எண்ணிக்கையில் கணக்கை விட்டு விழுந்துவிட்டார்கள், மீதியிருந்தவர்களின் சராசரி ஏறிவிட்டது. யாருக்கும் கூலி கூடாமலேயே இப்படி நடக்கும். வேலையிழப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்சியைத் தாக்குபவரும், கூலி உயர்வைப் பிடித்துக்கொண்டு ஆட்சியைப் பாராட்டுபவரும் ஒரே புயலின் நிழலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, 2024 அக்டோபருக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதி வேலைநிறுத்தம். போயிங்கின் சுமார் 33,000 தொழிலாளர்கள் செப்டம்பர் 13ஆம் தேதி வேலையை நிறுத்தினார்கள். 12க்கு மறுநாள், ஆகவே செப்டம்பர் கணக்கில் அது இல்லை, அக்டோபரில் முழுதாக வந்து விழுந்தது. போக்குவரத்துச் சாதன உற்பத்தியில் 44,000 வேலைகள் குறைந்தன. இது தலை எண்ணிச் சொல்லக்கூடிய விஷயம், இதில் வாதத்துக்கு இடமில்லை. புயலின் பங்கு அப்படி இல்லை. வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பெற முடியும், புயலால் சம்பளம் போனவர்களை அப்படிப் பிரித்து எடுக்க இந்தக் கணக்கெடுப்பில் வழியே இல்லை. சில தொழில்களில் புயலின் பாதிப்பு இருந்திருக்கலாம், நிகர அளவைக் கணக்கிட முடியாது என்று பி.எல்.எஸ்.ஸும் அறிக்கையிலேயே எழுதியிருந்தது. புயலும் வேலைநிறுத்தமும் சேர்ந்து அந்த மாத வளர்ச்சியில் 1,00,000க்கு மேல் குறைக்கக்கூடும் என்று மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் வாலர் அக்டோபர் நடுவிலேயே சொல்லியிருந்தார். அறிக்கை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லப்பட்டது என்பதால் அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். எண் வந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் காரணத்தைவிட, எண் வருவதற்கு முன்பே பதிவான கணிப்பு நம்பத் தகுந்தது.

ஆனால் எதிர்த்தரப்பு சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது, அதைப் பலர் கவனிக்கவில்லை. அதே அறிக்கையில் ஆகஸ்ட் மாத எண் 1,59,000இலிருந்து 78,000 ஆகக் குறைக்கப்பட்டது. செப்டம்பரும் 2,54,000இலிருந்து 2,23,000 ஆனது. இரண்டும் சேர்ந்து 1,12,000 குறைவு. ஹெலீன் வந்தது செப்டம்பர் கடைசியில். ஆகஸ்ட் மாதத்துக் குறைவை எந்தப் புயலின் மேலும் போட முடியாது. வேலைச் சந்தை மெதுவாகத் தளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அது நேர்மையான ஆதாரம். ‘சரிவு’ என்று சொல்ல அது போதாது. ‘தளர்ச்சி’ என்று சொல்லத் தாராளமாகப் போதும். அடுத்த மாதம் என்ன ஆனது? நவம்பரில் 2,27,000 வேலைகள் கூடியதாக முதல் அறிக்கை வந்தது, அக்டோபர் எண் 36,000 ஆக உயர்த்தப்பட்டது. இரண்டு மாதத்தையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் சுமார் 1,30,000. அதாவது 12,000 என்ற எண்ணின் பெரும்பகுதி தற்காலிகம், அடியில் இருந்த தளர்ச்சி நிஜம். இரு தரப்பும் தங்களுக்கு வேண்டிய பாதியை எடுத்துக்கொண்டார்கள் என்பதே என் மதிப்பீடு.

திருத்தம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். முதல் அறிக்கை வரும்போது எல்லா நிறுவனங்களும் பதில் அனுப்பியிருக்காது. அடுத்த இரண்டு மாதங்களில் தாமதமான பதில்கள் வந்து சேரும், எண் இரண்டு முறை திருத்தப்படும். அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை, வேலையின்மைக் காப்பீட்டுக்காக முதலாளிகள் தாக்கல் செய்யும் வரிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு மொத்தத்தையும் சரிசெய்வார்கள். கிட்டத்தட்ட எல்லா வேலைகளும் அந்தப் பதிவேட்டில் வந்துவிடும். அக்டோபர் 2024இல் முதல் கட்டப் பதில் விகிதம் 47.4 சதவீதம்தான், பல ஆண்டுகளில் இல்லாத குறைவு. உடனே ‘புயல் அடித்த ஊர்க்காரர்கள் பதில் அனுப்பவில்லை’ என்று பலர் சொன்னார்கள், கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் புயல் பகுதிகளின் பதில் விகிதம் மற்ற இடங்களோடு ஒத்தே இருந்ததாக பி.எல்.எஸ். குறிப்பிட்டிருந்தது. அந்த மாதம் பதில் சேகரிக்கக் கிடைத்த நாட்களும் குறைவு. ஆகவே இந்தக் குறைபாட்டைப் புயலின் கணக்கில் எழுதக்கூடாது. புயலை ஆதரித்து வாதாடுபவர்களும் இங்கே அளவு மீறினார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

திருத்தத்தைச் சதி என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது, எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது இதுதான். 2012 அக்டோபர் 5 அன்று வேலையின்மை 7.8 சதவீதமாக இறங்கியதாக அறிக்கை வந்ததும், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜாக் வெல்ச், ஒபாமா தரப்பு எண்ணை மாற்றிவிட்டது என்ற பொருளில் ட்விட்டரில் எழுதினார். சான்று எதுவும் தரவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி சாண்டி புயல் வந்தது, வாஷிங்டனில் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. அடுத்த அறிக்கை நவம்பர் 2, தேர்தல் நவம்பர் 6. அறிக்கை தள்ளிப்போனால் என்னென்ன பேசுவார்கள் என்று நீங்களே யூகிக்கலாம். ஊழியர்கள் வேலையை முடித்து, குறித்த நாளிலேயே வெளியிட்டார்கள்: 1,71,000 வேலைகள், 7.9 சதவீதம். அக்டோபர் கணக்கு வாரம் முடிந்த பிறகே புயல் வந்ததால் அந்த எண்ணில் சாண்டியின் தடம் இல்லை. 2025 ஆகஸ்ட் 1 அன்று இது இன்னொரு கட்டத்துக்குப் போனது. மே, ஜூன் மாதங்கள் சேர்ந்து 2,58,000 குறைத்துத் திருத்தப்பட்ட அன்றே, பி.எல்.எஸ். ஆணையர் எரிக்கா மெக்கென்டார்ஃபரை அதிபர் டிரம்ப் பதவி நீக்கினார். எண்கள் ஜோடிக்கப்பட்டவை என்றார், ஆதாரம் காட்டவில்லை. அதில் புயல் எதுவும் இல்லை. ஆனால் திருத்தம் என்றாலே தண்டனை என்று ஆகிவிட்டால், முதல் எண் கட்டாயம் தவறாக இருக்கப்போகும் பேரிடர் மாதங்களில்தான் அந்தப் பயம் அதிகம் கெடுதல் செய்யும்.

இத்தனை பேச்சிலும் விட்டுப்போகும் ஒரு விஷயம், இந்த எண்ணுக்குள் யார் வரவே மாட்டார்கள் என்பது. நிறுவனக் கணக்கில் விவசாயம் கிடையாது, சுயதொழில் கிடையாது, வீட்டு வேலை செய்பவர்கள் கிடையாது. வெள்ளத்தில் படகை இழந்த இறால் பிடிப்பவரின் இழப்பு தலைப்பு எண்ணில் பூஜ்யம். வீட்டுக் கணக்கில் அவர், வானிலையால் போகவில்லை என்று சொன்னால், வேலையில் இருப்பவர். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவைச் சிதைத்தது. அங்கே இருப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான்; ஆனால் தேசிய வேலைவாய்ப்பு எண்ணில் அந்தத் தீவு சேர்க்கப்படுவதே இல்லை, ஆகவே அந்த இழப்பு தேசிய எண்ணில் ஒரு புள்ளிகூட அசைக்கவில்லை. ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபின், இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களில் கணக்கெடுப்பு நடத்த முடியவில்லை. பல மாதங்கள் அந்த மூன்றையும் விட்டுவிட்டுத்தான் தேசிய வேலையின்மை விகிதம் வெளியானது. அதை வெளிப்படையாகச் சொல்லியே செய்தார்கள், அது சரியான முறை. ஆனால் நாட்டிலேயே அதிகம் அடிபட்ட மக்கள் நாட்டின் எண்ணில் இல்லை.

கத்ரீனா புயல் சமயத்தில் பி.எல்.எஸ். எடுத்த முயற்சியை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. சாதாரண மாதத்தில், பதில் வராத நிறுவனம் பதில் வந்த நிறுவனங்களைப் போலவே நடந்திருக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். 2005 ஆகஸ்ட் 29க்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸில் பதில் அனுப்பாத கடை, பெரும்பாலும் தண்ணீருக்குள் இருக்கும் கடை. வழக்கமான முறையை அப்படியே போட்டிருந்தால் மூழ்கிய கடையில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பதாகக் கணக்கு வந்திருக்கும். அதனால் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கு அந்த விதியை மாற்றினார்கள், என்ன மாற்றினோம் என்பதையும் அறிக்கையிலேயே எழுதினார்கள். வீட்டுக் கணக்கெடுப்பில் வேறு சிக்கல்: வீடு விட்டுப் போய் நிவாரண முகாமிலும் ஓட்டலிலும் தங்கியவர்கள் வீட்டு முகவரியை வைத்து நடக்கும் கணக்கில் வரமாட்டார்கள். அக்டோபரிலிருந்து, புயலால் இடம்பெயர்ந்தவரா என்று கேட்கும் கேள்விகளைச் சேர்த்தார்கள். ஊர் திரும்பாதவர்களிடம் வேலையின்மை, திரும்பியவர்களைவிட வெகுவாக அதிகம் என்பது அப்போதுதான் எண்ணாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்க்க வேண்டும் என்று நினைத்ததால்தான் அவர்கள் கண்ணில் பட்டார்கள்.

‘மீள்கட்டுமானம் வேலைகளை உண்டாக்கும், ஆகவே புயல் பொருளாதாரத்துக்கு நல்லது’ என்ற வாதமும் ஒவ்வொரு முறையும் வரும். கட்டுமான வேலைகள் கூடுவது நிஜம். கத்ரீனாவால் பாதிக்கப்பட்டவர்களின் வருமான வரிப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், முதல் ஆண்டு விழுந்த வருமானம் சில ஆண்டுகளில் மீண்டு, ஒப்பிடத்தக்க மற்ற நகரத்தாரைவிடச் சற்று மேலேயும் போனது தெரிந்தது. இதை நான் மதிக்கிறேன், ஆனால் எவ்வளவு தூரம் பொதுவாக்கலாம் என்பதில் தயக்கம் உண்டு. பலர் கூலி அதிகமுள்ள ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள், பெருமளவு அரசுப் பணமும் வந்தது. அடுத்த பேரிடரில் இரண்டும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. போன வீட்டையும் உயிரையும் வேலைக் கணக்கு எங்கேயும் கழிப்பதில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடைமுறைப் பகுதி. அடுத்த முறை ‘புயல்தான்’ என்று யாராவது சொன்னால் முதலில் தேதியைப் பாருங்கள்: புயல் 12ஆம் தேதி அடங்கும் வாரத்துக்கு முன்னாலா, உள்ளேயா, பின்னாலா. பின்னால் வந்த புயல் அந்த மாத எண்ணைப் பொதுவாகத் தொடாது. அப்புறம் எந்தத் தொழிலில் குறைந்தது என்று பாருங்கள். உணவகம், கட்டுமானம், சில்லறை வணிகம் என்றால் புயல் பேசுகிறது; வங்கி, மென்பொருள், நாடு முழுக்கக் கிளை உள்ள அலுவலகங்கள் என்றால் வேறு ஏதோ. வீட்டுக் கணக்கெடுப்பில் வானிலையால் வேலைக்குப் போகாதவர்கள் என்று தனி வரியே இருக்கிறது, அதை அதே மாதத்தின் முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிடலாம். சான் பிரான்சிஸ்கோ ஃபெடரல் ரிசர்வ் வங்கி, வானிலையின் விளைவைக் கழித்துவிட்டு வேலை வளர்ச்சியைத் தனியாக மதிப்பிட்டு வெளியிடுகிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது மாநில வாரி எண், அது சில வாரம் தாமதமாக வரும். 2024 அக்டோபருக்கான மாநில எண்கள் வந்தபோது வேலைகள் குறைந்த இடங்களில் முன்னால் நின்றவை புளோரிடாவும் வாஷிங்டன் மாநிலமும். ஒன்றில் மில்ட்டன் கரை கடந்தது, மற்றதில் போயிங் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆனால் அந்த மாநில எண்கள் வெளிவந்தபோது தேர்தல் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.